பொன்னங்குழியில் தங்கம் இல்லை

ஓடுகிறேன். இடுப்பில் பிள்ளை. நான்கு வயது, நல்ல கனம். ஓடை மணல் காலைச் சுடுகிறது. வைகாசி மாதம். செவ்வாய்க்கிழமை. வெயில் ஏறிய நேரம். பின்னால் ஒரு வெடி. சற்றுப் பொறுத்து இன்னொன்று. மூன்றாவது வெடி பக்கத்தில் கேட்கிறது.

"ஏட்டி வேலம்மா, திரும்பிப் பாக்காத! தாழைக்குள்ள போயிப் படு!"

என் வீட்டுக்காரர் சுப்பையாவின் குரல். கரைமேல் நிற்கிறார். கையில் ஒரு மாட்டுக்கம்பு. துப்பாக்கிக்கு எதிராக மாட்டுக்கம்பு.

தாழம்புதருக்குள் நுழைகிறேன். முள் முதுகைக் கிழிக்கிறது. பிள்ளை அழவில்லை. என் முகத்தையே பார்க்கிறாள்.

கொஞ்சம் முன்புதான் வாசலில் பருத்தி பிரித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்துப் பருத்தி வியாபாரி காதர் ராவுத்தர் மூடைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தார். போன வண்டி திரும்பி வந்தது. மாடுகளின் வாயில் நுரை. அறுபது வயது மனிதர் வண்டிமேல் எழுந்து நின்று கத்தினார்.

"ஓடுங்க தாயீ! தேவதானம் ரோட்டுல கும்பல் வருது! துப்பாக்கி வச்சிருக்கான்!"

அவர் வேறு பாதையில் வீட்டுக்குப் போயிருக்கலாம். எங்களுக்குச் சொல்லத் திரும்பி வந்தார். எங்கள் ஊர்க்கதையை எழுத வந்திருக்கிறீர்கள்; முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஊர் ஊராகக் கொள்ளை நடந்தது. கிழக்கே சில ஊர்கள் எரிந்தன என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் ஊருக்கு எதற்கு வரப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம். மலையடிவாரத்தில் பதினெட்டுக் கூரைவீடு. பருத்தி, கம்பு, நாலு ஆடு. எடுத்துக்கொண்டு போக என்ன இருக்கிறது?

தமுக்குச் சத்தம் நெருங்குகிறது. வீடுகளுக்குப் போவார்கள் என்று நினைக்கிறேன். போகவில்லை. நேராக ஓடைக்குள் இறங்குகிறார்கள். நாற்பது ஐம்பது பேர். நான் கிடக்கும் புதரிலிருந்து இருபது அடியில் எங்கள் ஊற்றுக்குழி. அங்கே வந்து நிற்கிறார்கள்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரே அதிலிருந்து வந்ததுதான்.

பாளையத்துச் சண்டைக் காலத்தில் பொன்னி என்று ஒருத்தி இருந்தாள். புருஷனைச் சண்டையில் பறிகொடுத்தவள். கைப்பிள்ளையோடு இந்த ஓடை வழியாக ஓடிவந்தாள். தண்ணீர் இல்லை. சிரட்டையால் மணலைத் தோண்டினாள். இரண்டு நாள் தோண்டினாள் என்பார்கள். ஊற்றுக் கண் திறந்தது. தண்ணீருக்கு வந்தவர்கள் பக்கத்தில் குடிசை போட்டார்கள். பொன்னி குழி என்று பெயர் ஆயிற்று.

பிறகு நிலம் அளக்க ஒரு எழுத்தர் வந்தார். பொன்னி குழி என்றால் பொன்னியைப் புதைத்த இடம் மாதிரி இருக்கிறது, நல்ல பெயராக எழுதுகிறேன் என்றார். பொன்னங்குழி என்று எழுதினார். எங்கள் ஆட்களுக்கும் அது பிடித்துப் போயிற்று. அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார்.

கெட்டது நான் செய்தேன்.

அதற்கு முந்தின புரட்டாசியில் சனிக்கிழமை சாமி கும்பிட, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். மலைப்படியில் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தாள். கிழக்கத்திக்காரி. காதில் கனத்த பாம்படம். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். என் காதைப் பார்த்துச் சிரித்தாள்.

"பேருல பொன்னு, காதுல பனையோலையாக்கும்?"

எனக்கு முகம் எரிந்தது. சுற்றிலும் பெண்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்க ஊர்ல பொன்னக் காதுல போடமாட்டோம். குழிக்குள்ள வச்சிருக்கோம்."

அவள் எழுந்து தன் கூட்டத்தோடு போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சுப்பையாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது குழிக்கருகே மூன்று பேரை நிறுத்தியிருக்கிறார்கள். சுப்பையா. ஊர்ப்பெரியவர் வெள்ளையப்பர். காதர் ராவுத்தர். மற்றவர்கள் மலைக்கு ஓடிவிட்டார்கள். சிவப்புத் தலைப்பாகைக்காரன் துப்பாக்கியை வெள்ளையப்பரின் நெஞ்சில் வைக்கிறான்.

"தங்கம் எம்புட்டு ஆழத்துல இருக்குலே?"

"தங்கமா? தண்ணிக்குழி அய்யா இது. பொன்னிங்கிற பொம்பள தோண்டுனது."

ராவுத்தர் முன்னால் வருகிறார். "முப்பது வருசமா இந்த ஊருக்கு வாரேன். பருத்தியத் தவிர இங்க ஒண்ணும் கெடையாது. அல்லா மேல ஆணை."

தலைப்பாகைக்காரன் சிரிக்கிறான்.

"காதுல போடமாட்டோம், குழிக்குள்ள வச்சிருக்கோம்னு உங்க ஊர்ப் பொம்பளையே மலைப்படியில வச்சுச் சொல்லியிருக்கா. யாருலே அவ? கூப்பிடு, கேப்போம்."

சுப்பையாவின் முகம் எனக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியும். தாழம்புதர்ப் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

"எங்க ஊர்ப் பொம்பளைக அப்படிப் பேசமாட்டாக," என்கிறார்.

நான் எழுந்து போயிருக்கவேண்டும். நான்தான் சொன்னேன், பொய் சொன்னேன் என்று கத்தியிருக்கவேண்டும். இருபது அடி. எழவில்லை. பிள்ளைக்காக என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்காக இல்லை. பயம்.

தோண்டச் சொன்னார்கள். மூவரும் குழிக்குள் இறங்கினார்கள். மண்வெட்டிச் சத்தம். ஈர மணல் மேலே விழும் சத்தம். முதலில் தலைகள் தெரிந்தன. பிறகு மண்வெட்டி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. உள்ளேயிருந்து ராவுத்தர் கத்தினார்.

"தண்ணி ஊறுது! பக்கமெல்லாம் கரையுது! ஏத்திவிடுங்க!"

"தோண்டுலே!"

உச்சிவெயில் சாய்ந்தது. அப்போது அந்தச் சத்தம். மூடை விழுந்த மாதிரி, தொம்மென்று. ஒரே ஒரு சத்தம். ஓடைக்கரையில் பாதி காணவில்லை. குழி இருந்த இடத்தில் ஈர மணல் மட்டமாகக் கிடந்தது.

கும்பலில் ஒருவன் மட்டும் மணலைக் கையால் அள்ளினான். தலைப்பாகைக்காரன் அவனை இழுத்துவிட்டான். ஏமாந்த கோபத்தில் கூரைகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். மூங்கில் வெடிக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அது அடங்கும்வரை நான் புதருக்குள்தான் கிடந்தேன்.

மறுநாள் ராவுத்தரின் மனைவி வந்தார். புருஷனைக் கொண்டுபோக வந்தவர், எங்களுக்கு ஒரு குத்துச்சட்டி சோறும் பழைய சேலைகளும் கொண்டுவந்தார். என்னிடம் ஒரு சேலையை நீட்டினார்.

"நீயும் என்னைய மாதிரி ஆயிட்டியே தாயி," என்றார்.

வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாவிடமும் சொல்லவில்லை. இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மகளுக்கு அந்த நாளில் முள் குத்தியது மட்டும் நினைவிருக்கிறதாம்.

கணக்குச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வீட்டில் பதினாறு எரிந்தன. கட்டிப்போட்டிருந்த மாடு ஐந்து எரிந்தன. ராவுத்தரின் வண்டியும் பருத்தியும் சாம்பல். ஊற்று மூடிப்போயிற்று. அருகில் எங்கே தோண்டியும் தண்ணீர் வரவில்லை. ஆவணிக்குள் ஊர் காலி. மூன்று குடும்பங்கள் கடல் தாண்டிக் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போயின. ஒரு தகவலும் இல்லை. மற்றவர்கள் சேத்தூரிலும் ராஜபாளையத்திலும் கூலிக்கு நின்றோம்.

ஆள் மூன்று. ராவுத்தரை மறுநாள் எடுத்தோம். வெள்ளையப்பரை மூன்றாம் நாள். அதற்குமேல் தோண்டினால் கரை மொத்தமும் சரியும் என்றார்கள். மண்வெட்டிகளைக் கழுவி வைத்தார்கள்.

சுப்பையாவை எடுக்கவில்லை.