கட்டில் காலில் ஒரு கார்

– …அதனாலதான் சொல்றேன், தவணைப் பேச்சே வேண்டாம். முழுசும் ரொக்கம். எண்ணிக்கிட்டு சாவியைக் குடுங்க தம்பி, நான் போய்க்கிட்டே இருப்பேன்.

– சூப்பர் சார். ஆனா ரொக்கம்னா வண்டி வர ஒரு மாசம் ஆகும். பைனான்ஸ்னா சாயங்காலமே ரிப்பன் கட்டி வாசல்ல நிறுத்திடுவேன்.

– காசு வெச்சிருக்கறவன் காத்துக் கிடக்கணும், கடன் வாங்கறவனுக்கு ரிப்பனா?

– கம்பெனி பாலிசி சார். எனக்கும் புரியல. புரிஞ்சவங்களை எல்லாம் மேனேஜர் ஆக்கிட்டாங்க.

– என்னங்க, அவர் சொல்றதும் நியாயமாத்தானே இருக்கு. தவணையிலயே எடுத்துடுவோமே.

– நீயா பேசற? மிக்ஸியைத் தவணையில எடுக்கலாம்னு சொன்னதுக்கு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தவ நீ.

– அது மிக்ஸிங்க.

– சூப்பர் மேடம். சார், வீட்டம்மாவே சொல்றாங்க, அப்புறம் என்ன யோசனை?

– தம்பி, நான் இத்தனை வருஷமா அடுத்தவன் காரை ஓட்டிப் பொழைக்கறவன். ஒருநாள் பிரசவத்துக்கு ஒரு பொண்ணை ஏத்திக்கிட்டுப் போறேன். ரெண்டு பைக்ல பைனான்ஸ் ஆளுங்க குறுக்க வந்து நின்னாங்க. முதலாளி தவணை கட்டலையாம். என்னையும் இறக்கி விட்டாங்க, அந்தப் பொண்ணையும் இறக்கி விட்டாங்க.

– ஐயோ. குழந்தை?

– பஸ் ஸ்டாப்புல பொறந்துச்சு. நல்லாத்தான் இருக்கு. வண்டி என்னாச்சுன்னுதான் தெரியல. அன்னிக்கே முடிவு பண்ணேன், நம்ம வண்டியில எவனுக்கும் ஒரு ஸ்க்ரூ கூட பாக்கி இருக்கக் கூடாது.

– இப்பல்லாம் ரொம்ப மரியாதை சார். தூக்கறதுக்கு முன்னாடி போன் பண்ணி சாரி சொல்லிட்டுத்தான் தூக்குவாங்க. சரி, பணம் எந்த பேங்க்ல இருக்கு?

– பேங்க் நமக்கு ஒத்துக்காது. வீட்ல ஒரு இரும்புக் கட்டில், காலெல்லாம் குழாய். சம்பளம் வந்தா நோட்டைச் சுருட்டி உள்ள தள்ளிடுவேன். ஒரு கால் நிரம்பினா வெல்டரைக் கூப்பிட்டு அடைச்சுடுவேன். இப்ப நாலும் அடைச்சாச்சு. தினமும் என் கார் மேலதான் படுத்துத் தூங்கறேன்.

– மேடமும் அதே கார்லதானா?

– அவ தூங்கறது டிக்கி பக்கம். ஏம்மா, யாருக்கு அப்படி விடாம போன் போடற?

– தம்பிக்குங்க. சும்மாதான். எடுக்க மாட்டேங்கறான்.

– மச்சான் எடுக்க மாட்டான். விடு.

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– காலையில பாத்தேன். கொஞ்சம் அசதியா இருந்தான்.

– சார், குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். வாசலை அடைச்சுக்கிட்டு தார்ப்பாய் போட்ட டெம்போ ஒண்ணு நிக்குதாம். வாட்ச்மேன் கத்தறாரு. உங்களுதா?

– என்னுதுதான். வெல்டரும் கட்டிங் மெஷினோட பின்னாடி உக்காந்திருக்கான். இங்கயே, உங்க கண்ணு முன்னாடியே அறுத்துடலாம்.

– கட்டிலையா கொண்டு வந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

– நீ கடைக்குப் போயிருந்த. ஏன் உனக்கு இப்படி வேர்க்குது? ஏசி ஓடுதே.

– என்னங்க, சொன்னா கேளுங்க. இத்தனை பேர் மத்தியில வேண்டாம். வீட்டுக்குப் போயிடலாம்.

– தம்பி, பிளக் பாயின்ட் எங்க இருக்கு?

– அந்தத் தூண் பக்கத்துல சார். சார், தரை புதுசு சார்…

– வேண்டாங்க! அறுக்கச் சொல்லாதீங்க. உள்ள ஒண்ணுமில்ல.

– என்ன இல்ல?

– நாலு கால்லயும் பழைய பேப்பர்தான் இருக்கு. என் தம்பி கடை வைக்கறேன்னு அழுதான். மூணே மாசத்துல திருப்பித் தரேன்னான். அதுக்குள்ள நீங்க காரு காருன்னு ஆரம்பிச்சுட்டீங்க. தவணையில எடுத்தா கட்டிலைத் தொட மாட்டீங்கன்னுதான்…

– தெரியும்.

– என்ன தெரியும்?

– எல்லாம். வெட்டறதுக்கு யாரைக் கூப்பிட்ட? நான் அடைக்கக் கூப்பிட்ட அதே வெல்டரை. ஊர் முழுக்க வேற வெல்டரே இல்லையா உனக்கு? எங்கிட்டயே வந்து நிக்கறான், "உங்க வீட்டம்மா பாதிக் கூலிதான் குடுத்தாங்க, மீதியை எப்ப தருவீங்க"ன்னு. பேப்பர் வெச்சு அடைச்சதுக்கு மீதியை நான்தான் குடுத்தேன்.

– தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டீங்க?

– நீயா சொல்வியான்னு தினமும் பக்கத்துல படுத்துக்கிட்டுப் பாத்தேன். இன்னிக்குத்தான் சொல்ற.

– அப்ப கட்டிலை எதுக்குங்க தூக்கிட்டு வந்தீங்க?

– கட்டில் வீட்லதான் இருக்கு.

– சார், வாட்ச்மேன் மறுபடியும் வந்துட்டாரு. தார்ப்பாய்க்குள்ள யாரோ உதைக்கற மாதிரி சத்தம் கேக்குதாம்.

– கேக்கும். தம்பி, நீங்க ஜெயிச்சுட்டீங்க, பைனான்ஸ் பேப்பரை எடுங்க. கடன் என் பேர்ல இல்ல, என் மச்சான் பேர்ல. ஆளைக் கையோட கொண்டு வந்திருக்கேன். கையெழுத்துக்கு வலது கையை மட்டும் அவிழ்த்து விட்டா போதும்ல?