ஓர்ஸ் ஹில் கொடியில் காய்ந்த உடுப்புகள்

2024 மார்ச் மாதம் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 10.20 மணிக்குத் திருகோணமலையில் பொலிஸ் சார்ஜன்ட் கனகரத்தினம் பதிவு செய்தது.

பெயர்: ஆதம்பாவா லாபிர். வயது: 42. மதம்: இஸ்லாம். தொழில்: துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். முகவரி: வாக்குமூலம் தருபவர் கேட்டுக்கொண்டதால் இறுதியில் எழுதப்படும்.

சார்ஜன்ட் ஐயா பெயரையும் வயதையும் கேட்டார், சொன்னேன். முகவரி கேட்டபோது, அதை மட்டும் கடைசியில் எழுத முடியுமா என்று கேட்டேன். இருபது வருடச் சேவையில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்றார். எனக்கும் இதுதான் முதல் தடவை. இரண்டு முகவரிகளில் எதைச் சொன்னாலும் எனக்கு ஒரு நட்டம் இருக்கிறது. அது என்ன என்பதை ஒழுங்காகச் சொல்லி முடித்தால்தான் முகவரியைச் சொல்ல என்னால் ஏலும்.

நான் 2011ஆம் ஆண்டு கிண்ணியாவைச் சேர்ந்த பஸ்மியாவைத் திருமணம் செய்தேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் இருப்பார். பஸ்மியாவின் வீட்டைக் கட்டியவர் அவருடைய காக்கா, அதாவது மூத்த சகோதரர், ஜெமீல். அவர் ஆறு வருடம் கட்டாரில் வேலை செய்து அந்த வீட்டைக் கட்டினார், கூரை போட்டு முடியும்வரை தன்னுடைய கலியாணத்தையும் தள்ளிவைத்தார். இப்போது என்மேல் முறைப்பாடு செய்திருப்பவரும் அவர்தான். நான் மனைவியையும் பிள்ளையையும் கைவிட்டு, ஓர்ஸ் ஹில்லில் வேறு ஒரு பெண்ணோடும் அவளுடைய பிள்ளையோடும் குடித்தனம் நடத்துகிறேன் என்பது முறைப்பாடு. அவர் பொய்க்காரர் அல்ல. அவர் கண்டதை வைத்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆதிலா, பத்து வயது. வாசிக்கக் கிடைத்தால் ரொட்டி சுற்றி வந்த பேப்பரையும் விடமாட்டாள். அவள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவதற்கு முன்பே பஸ்மியா ஆறாம் வகுப்புக்கு ஏற்ற பாடசாலையைத் தேடத் தொடங்கிவிட்டார். குடையும் கையுமாக ஐந்து பாடசாலைகளுக்குப் போனார். போன இடத்திலெல்லாம் முதலில் மலசலகூடத்தின் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று பார்த்தார், அதன் பிறகு காவலாளியிடம் திங்கட்கிழமை முதலாம் பாடத்துக்கு ஆசிரியர்கள் வந்துவிடுவார்களா என்று விசாரித்தார், அதன் பிறகுதான் அதிபரைப் பார்க்கப் போனார். கடைசியில் நகரத்தில் உள்ள ஒரு பெண்கள் பாடசாலைக்கு ஆதிலாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே வாசிகசாலை உண்மையிலேயே திறந்திருந்தது. ஆதிலா உள்ளே போய், புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டாள். கிழமைக்கு இரண்டு கொண்டு போகலாம் என்றார்கள். திரும்பி வரும்போது, கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும், அவள் ‘ரெண்டு’ என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு புலமைப்பரிசில் பெறுபேறு வந்தது. அந்தப் பாடசாலையின் வெட்டுப்புள்ளிக்கு ஆதிலாவுக்கு இரண்டு புள்ளி குறைவு. பஸ்மியா ஒரு நாள் முழுக்கச் சமைக்கவில்லை. கடையில் வாங்கிச் சாப்பிட்டோம். ஜனவரி முதல் கிழமையில், மீதமுள்ள சில இடங்களுக்குப் பாடசாலைக்கு அருகில் குடியிருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும், குடியிருப்பை நேரில் வந்து பார்ப்பார்கள் என்றும் அறிவித்தல் போட்டார்கள். அதைப் படம்பிடித்து எனக்கு அனுப்பியவர் பஸ்மியா. வீடு எடுக்கலாம் என்று சொன்னவன் நான். இதில் பிழை என்னுடையது என்று எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு பாடசாலைக்கு நடந்து போகும் தூரத்தில், ஓர்ஸ் ஹில்லில் ஜவ்பர் என்பவரின் வீட்டோடு சேர்ந்த பக்கத்து அறையை ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்து, உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிட்டு, ஜனவரி 12ஆம் திகதி ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் கொண்டு போய் வைத்தேன். கிராம சேவகர் வந்து கட்டிலைப் பார்த்துவிட்டுக் குடியிருப்புச் சான்றிதழ் தந்தார். அவரிலும் ஜவ்பரிலும் குற்றம் இல்லை. நான் அங்கே படுத்தது உண்மை. குடியிருந்தேன் என்பதுதான் பொய்.

பாடசாலைக்காரர் பழைய இடத்திலும் விசாரிப்பார்கள், அந்தப் பக்கமே தலை காட்ட வேண்டாம் என்று என்னோடு வேலை செய்பவர்கள் சொன்னார்கள். பஸ்மியா கிண்ணியாவில் பாலர் பாடசாலை ஆசிரியை, பிள்ளைக்கும் அங்கேதான் பள்ளிக்கூடம், ஆகவே அவர்கள் இருவரும் அங்கேயே இருந்தார்கள். நான் ஏழு கிழமை பாலத்தைக் கடக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு ஆண் மனைவியின் வீட்டை விட்டுப் போய் வெளியில் அறை எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பதின்மூன்று வருடம் அந்த ஊரில் இருந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் வெட்டுப்புள்ளியையும் விண்ணப்பத்தையும் கிலோமீட்டரையும் யோசித்த மண்டையில் அதற்கு இடம் இருக்கவில்லை.

ஜெமீலிடம் சொல்லிவிடலாம் என்று நான் இரண்டு தடவை பஸ்மியாவிடம் சொன்னேன். காக்கா நல்லவர், ஆனால் வாயில் ஒன்றும் தங்காது, காலையில் சொன்னால் பின்னேரம் மீன் சந்தைக்கே தெரிந்துவிடும் என்று பஸ்மியா சொன்னார். அதுவும் உண்மை. ஜெமீல் கேட்டபோது, நான் வேலைக்காக நகரத்தில் நிற்கிறேன் என்று பஸ்மியா சொல்லியிருக்கிறார். பதின்மூன்று வருடமாக அதே வேலைக்கு வீட்டிலிருந்து போய் வந்தவன் இப்போது ஏன் நிற்கிறான் என்று அவர் கேட்டிருக்கிறார். பஸ்மியா பேச்சை மாற்றியிருக்கிறார். தங்கச்சி தன் மானத்துக்காக மறைக்கிறாள் என்று அவர் விளங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் பஸ்மியாவும் ஆதிலாவும் பஸ்ஸில் நகரத்துக்கு வருவார்கள். உள்துறைமுகக் கரையில் உள்ள மர வாங்கில் அமர்ந்து, பஸ்மியா கொண்டுவரும் சோற்றைச் சாப்பிடுவோம். அதைக் கண்ட எங்கள் ஊர்க்காரர் ஒருவர், லாபிரும் பெண்சாதியும் வெளியில் வைத்துக் கதைத்துத் தீர்க்கப் பார்க்கிறார்கள் போல என்று ஊரில் சொல்லியிருக்கிறார். நாங்கள் கதைத்ததெல்லாம் பாடசாலையின் நேர்முகப் பரீட்சையைப் பற்றித்தான். மூன்று பேரும் ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறோம், காலையில் நடந்தே பள்ளிக்கூடம் போகலாம், என்று ஆதிலாவுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவள் நன்றாகச் சொன்னாள். தடுமாறவேயில்லை. அன்றைக்கு அதை ஒரு கெட்டித்தனம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன், இப்போது வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரி நடுப்பகுதியில், குடியிருப்பைப் பார்க்க வரும்போது தனி ஆண் இருக்கும் அறைபோல இருக்கக் கூடாது என்று யோசித்தேன். வாசலில் இரண்டு ரோசாச் சாடி வைத்தேன். அன்றிரவே நகரத்தில் அலையும் மான்கள் மொட்டையாகத் தின்றுவிட்டன. அதன் பிறகு பஸ்மியா தனக்கு இரண்டு கவுணும் ஆதிலாவுக்கு மூன்று சட்டையும் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டார், அவற்றை நான் தினமும் காலையில் நனைத்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பழைய உடுப்பைக் கொடுத்திருக்கலாம். அந்நியர் பார்க்கும் இடத்தில் நைந்த கவுணைக் காயப்போட பஸ்மியா சம்மதிக்கவில்லை. பழையதாக இருந்திருந்தால் ஜெமீல் தன் தங்கச்சியின் உடுப்பை அடையாளம் கண்டிருப்பார், இன்றைக்கு நான் இந்தக் கதிரையில் இருக்க வேண்டி வந்திருக்காது.

நேற்றுச் சனிக்கிழமை காலை நான் வேலையில் நின்றபோது ஜெமீல் என் அறையை விசாரித்துக்கொண்டு ஓர்ஸ் ஹில்லுக்கு வந்து, கொடியில் தெரியாத பெண்ணின் உடுப்பையும் தெரியாத பிள்ளையின் உடுப்பையும் கண்டு, ஒரு கவுணையும் ஒரு சட்டையையும் உருவி எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறார். அவை இப்போது சார்ஜன்ட் ஐயாவின் மேசையில் இருக்கின்றன. இவை யாருடையவை என்று அவர் கேட்டார். கவுண் என் மனைவி பஸ்மியாவுடையது, சட்டை என் மகளுடையது என்றேன். அவர் சட்டையைப் புரட்டிப் பார்த்து, உள்ளே கழுத்தில் கடையின் பிளாஸ்டிக் மட்டை இன்னும் தொங்குவதைக் காட்டினார். ஓம், ஆதிலா அதை இன்னும் ஒரு தடவையும் போடவில்லை.

இன்று காலை ஜெமீலும் பஸ்மியாவும் இங்கே வந்திருந்தார்கள். பஸ்மியா அவருக்கு எல்லாவற்றையும் சொன்னார். நான் அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தச் சட்டையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, “நொத்தாரிசுக்குச் சொல்லியிருக்கீங்க, கிராம சேவகருக்குச் சொல்லியிருக்கீங்க. ஊட்டக் கட்டின எனக்குத்தான் சொல்லல்ல” என்றார்.

அவர்கள் வெளியே போன பிறகு சார்ஜன்ட் ஐயா எனக்கு ஒரு வழி சொன்னார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முறைப்பாட்டாளர் சமாதானமாகிவிட்டார், வேலை நிமித்தம் ஓர்ஸ் ஹில்லில் குடியிருக்கிறேன், மனைவியும் பிள்ளையும் வந்து போவார்கள் என்று நான்கு வரியில் எழுதினால் இங்கேயும் முடிந்துவிடும், பாடசாலைக்கும் பாதகம் வராது என்றார். நேர்முகப் பரீட்சை நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமை. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நான் சம்மதிக்காததற்குக் காரணம் நேற்று முன்தினம் நடந்தது. மார்ச் 1ஆம் திகதி வெள்ளிக்கிழமை கரையில் சாப்பிட்டு முடிந்ததும், பஸ்மியா சோற்றுக் கோப்பை கழுவப் போன நேரத்தில், ஆதிலா தன் புத்தகப் பையைத் திறந்து எனக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குள் கிண்ணியா வீட்டில் கிடந்த என்னுடைய மூன்று சேர்ட், சவரக் கத்தி, பழைய மூக்குக்கண்ணாடி, வீட்டு அலுமாரியில் நான் வைத்திருந்த தொப்பி எல்லாம் மடித்து அடுக்கி இருந்தன. என்ன இது என்று கேட்டேன்.

“உங்கட சாமான் வாப்பா. இனி வந்து எடுக்க உங்களுக்கு வெக்கமா இருக்கும் எண்டு நான் கொண்டு வந்தன்.”

நான் திடுக்கிட்டுப் போய், மகள், இது பள்ளிக்கூடத்துக்காகச் செய்கிறது, உனக்குத் தெரியும்தானே என்றேன். அவள் தலையாட்டினாள். கரையில் கட்டியிருந்த தோணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“கேக்கிற ஆக்களுக்கு நான் அப்பிடித்தான் சொல்லுவன், பயப்பிடாதீங்க. எனக்கு மட்டும் உண்மையச் சொல்லுங்க.”

நான் உண்மையைத்தான் சொன்னேன், இன்னொரு தடவையும் சொன்னேன். அவள் நம்பினாள் என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் வீட்டை விட்டுப் போனது எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, பையின் வாயைப் பூட்டினாள். பாடசாலைக்காரரை நம்பவைக்க நாங்கள் பட்ட பாட்டில், நான் வீட்டை விட்டே போய்விட்டேன் என்று எங்கள் பிள்ளையே நம்பிவிட்டாள். அந்தப் பை இன்னும் ஓர்ஸ் ஹில் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு நாளாக நான் அதைத் திறக்கவில்லை.

ஆகவே நான்கு வரியில் எழுத வேண்டாம் என்று சார்ஜன்ட் ஐயாவிடம் சொன்னேன். ஆதிலாவிடம் இரண்டு தடவை உண்மையைச் சொல்லியும் எடுபடவில்லை, ஏனென்றால் அதே வாயால்தான் அவளுக்குப் பொய்யையும் சொல்லிக் கொடுத்தேன். இனி நான் இன்னொரு தாளில் ஓர்ஸ் ஹில் என்று ஒப்பம் வைத்துவிட்டுப் போய் அவளிடம் எதைச் சொல்வது? விண்ணப்பத்தை மீளப் பெறுவதாக அதிபருக்கு ஒரு கடிதம் எழுதி என் சேர்ட் பையில் வைத்திருக்கிறேன், நாளைக் காலை நேரில் கொடுப்பேன். கிழமைக்கு இரண்டு புத்தகம் என்பது அவளுக்குச் சின்ன விஷயம் அல்ல, எனக்கும் அல்ல. பொய்ச் சான்று கொடுத்ததற்கு என்மேல் நடவடிக்கை எடுத்தாலும் நான் மறுக்கமாட்டேன். இந்த வாக்குமூலத்தின் ஒரு பிரதி எனக்கு வேண்டும். ஆதிலா எதையும் வாசிப்பாள், இதையும் வாசிக்கட்டும்.

இதில் உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது, ஒருவரும் வற்புறுத்தவில்லை. சார்ஜன்ட் ஐயா முதலிலிருந்து வாசித்துக் காட்டினார், கேட்டேன், திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, உண்மை என்று ஏற்று ஒப்பமிடுகிறேன். மேலே எழுதாமல் விட்டது, இப்போது எழுத வேண்டியது:

முகவரி: ஜெமீல் கட்டிய வீடு, பாலர் பாடசாலை ஒழுங்கை, கிண்ணியா. நிரந்தரம்.

(ஒப்பம்) ஆ. லாபிர்