பதிலுக்கு நின்றவள்

என் மகள் ஸ்வர்ணலதா தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள மாதம் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். நான் ஆரணிப் பட்டு வியாபாரி, சார். எந்த விலையையும் பாதியாகக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். மருந்துக் கடைக்காரர் அதற்குச் சிரிக்கக்கூட இல்லை.

அவளுக்கு முடக்குவாதம். உடம்பின் காவல்காரனே மூட்டு மூட்டாகப் புகுந்து கொள்ளையடிக்கும் நோய். அந்த நேரத்தில்தான் புது மருந்தைச் சோதிக்கும் மருத்துவர் ஒருவர் ஊருக்கு வந்தார். ஊசி இலவசம். ஆனால் பன்னிரண்டு நோயாளிகள் சேர்ந்து கடைசிவரை இருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் ஆரணியில் சோதனையை நிறுத்திவிடுவார்கள். ஆள் சேர்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பதினோரு பேர் கிடைத்தார்கள். முதல் மாதத்திலேயே என் மகள் விரல்களை மடக்கிக் காட்டினாள். பன்னிரண்டாவது ஆளுக்கு ஒரு வாரம் கெடு.

என்னிடம் பாவு நூல் வாங்கித் தறியில் நெய்யும் சவரிராஜின் மனைவி பாக்கியமேரி. காலையில் விரல் விறைத்து, இழை பிடிக்க முடியாதவள். வேண்டிய நோய் அவளிடம் இருந்தது. வேண்டாததும் ஒன்று இருந்தது, பழைய காசநோய். இந்த ஊசி அந்தக் காவல்காரனைத் தூங்கவைக்கும், அவன் தூங்கினால் நெஞ்சில் அடங்கிக் கிடப்பது எழுந்துவிடும் என்று மருத்துவர் எனக்குப் புரியும்படியே சொல்லியிருந்தார். அதற்காகத்தான் நெஞ்சுப் படமும் ரத்தமும் கேட்டார்கள்.

எங்கள் தெருவில் விடியலில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்து விரிக்கும்போது ஒரு வீட்டில் ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டார் வந்து பிடித்துக்கொள்வார்கள். யாருக்குப் பதில் என்று ஒருவரும் கேட்பதில்லை. பாக்கியமேரியின் பக்கத்து வீட்டுப் பிரிஸில்லாவிடம், படத்துக்கும் ரத்தத்துக்கும் அவள் பெயரில் போய் நிற்பதும் அதே மாதிரிதான் என்றேன்.

"பாவுக்கு நின்னா டீ குடுப்பாங்க. இங்க ரத்தம் எடுக்கறாங்களே அண்ணா" என்று சிரித்துக்கொண்டே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆதார் படத்தைப் பார்த்தார்களாம். அதில் யார்தான் தன்னைப் போல இருக்கிறார்கள்?

ஊசியை எல்லோரும் என் கடையில்தான் போட்டுக்கொண்டார்கள். நான்காம் மாதம் பாக்கியமேரி வந்து நின்றாள்.

"ராத்திரியெல்லாம் இருமிகினே இருக்கேன் அண்ணா. ஊசி வாணாங்க. டாக்டராண்ட சொல்லிடறேன்."

"சொல்லும்மா. படத்துல இருக்கறது யாருன்னு கேப்பாங்க. பிரிஸில்லாவ போலீஸ்ல இட்டுனு போவாங்க. கைக்குழந்தக்காரி."

 அவள் புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

பிறகு அவளை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசியைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருக்கலாம். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். சவரிராஜ் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவன் தறியில் ஓடுவது என் பாவு.

நான் மட்டும் இந்தப் பயத்துக்கு வெளியே காற்று வாங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். தினமும் காலையில் என் மகள் பொத்தான் போடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஒரு ஆள் குறைந்தால் அந்த விரல் மறுபடி விறைக்கும்.

ஆறாம் மாதம் மூட்டுகளைப் பரிசோதிக்க வந்தவர் எங்களில் யாரையும் பார்த்தறியாத புது மருத்துவர். பாக்கியமேரியின் பெயரைக் கூப்பிட்டபோது பிரிஸில்லா எழுந்து போனாள். படத்துக்கு ஒருமுறை நின்றுவிட்டவள், வேறு எங்கே போவாள்? ஒரு மூட்டிலும் வீக்கமில்லை. இந்த மருந்துக்கு இதைவிட நல்ல பலன் எங்கும் பார்த்ததில்லை என்று அவர் அந்தக் கைகளைப் படம் எடுத்துக்கொண்டார். ரத்தத்தில் மருந்து தெரிய வேண்டுமே. அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே ஊசியையும் அவளுக்கே போட்டுவந்தேன்.

இப்போது அவளும் இருமுகிறாளாம். இத்தனை நாள் பாக்கியமேரிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவள். அதைச் சொல்லத்தான் புகாரோடு உங்களிடம் வந்தாள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லியிருக்கலாம்.

நான் செய்ததையெல்லாம் சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கூடவே இதையும் எழுத வேண்டும், சார். நான் சேர்த்தது பன்னிரண்டு பேர். இன்றைக்கும் ஊசி போட்டுக்கொள்வது பன்னிரண்டு பேர். ஒருவர்கூடக் குறையவில்லை.