மூன்றாவது முறை கேட்காத ஊரில்

இந்த இனிய மாலையின் தலைவர், வணிகத்தில் வளம் கண்டும் வார்த்தையில் சிக்கனம் காக்கும் பெரியவர், பர்மிய மரியாதைப்படி ஊ பெத்தபெருமாள் அவர்களே! மேடையின் வலப்புறம் வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட, அதே மரியாதைப்படி டோ சிகப்பி ஆச்சி அவர்களே! கேட்டதும் ஒலிபெருக்கி தந்து, கேட்காமலே ஜெனரேட்டரும் தந்த அன்பர் அப்துல் பாரி அவர்களே! மாவ்பியிலிருந்து பஸ் மாறி, வெயிலில் வெந்து, வியர்வையில் நனைந்து, முகம் மட்டும் வாடாமல் வந்து சேர்ந்திருக்கும் உறவுகளே! மடியில் பிள்ளையும் கையில் விசிறியுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! பின்னால் பாயில் சாய்ந்தபடி தமிழ் வளர்க்கும் இளைஞர்களே! உங்கள் அனைவரையும் இந்த உதயசூரியன் கை கூப்பி வணங்குகிறேன்.

பின்வரிசை சிரிக்கிறது. என் செந்தமிழ் உங்களுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. எனக்குத் தெரியும் தம்பி. புரியாத இடத்தில் பக்கத்திலிருக்கும் அம்மாவைக் கேளுங்கள். அம்மாவுக்கும் புரியவில்லை என்றால் இருவரும் சேர்ந்து கை தட்டுங்கள். எனக்கு அது போதும்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? இதோ, என் இடப்பக்கத்தில், கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாளே, இந்தத் தமிழரசிக்காக! நம் மிங்கலா தாங்ஞுன்ட் தெருக்களில், ரயில் தடத்தை ஒட்டிய வெற்றிடத்தில், கயிறு கட்டிக் கைப்பந்து ஆடியவள். கடல் கடந்தாள், களம் கண்டாள், ஜப்பானிய லீக்கில் ஒரு கிளப் அணியின் சட்டையை அணிந்து ஒரு பருவம் முழுவதும் ஆடினாள். விடுமுறைக்கு வீடு வந்திருக்கிறாள். அவளைத் தனி ஆளாய் வளர்த்த தந்தை இராமையா அண்ணன், க்யிம்யிண்டைங் படகுத்துறையில் சரக்கு இறக்கும் வேலையை மேற்பார்க்கிறவர், அந்தத் தூணை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு வாருங்கள் என்றால் வர மாட்டேன் என்கிறார். இருக்கட்டும்.

பாராட்டுரை என்றால் என்ன சொல்ல வேண்டும்? குளிரை வென்றாள் என்று சொல்ல வேண்டும். பனியை மிதித்தாள் என்று சொல்ல வேண்டும். தெரியாத மொழியில் திணறித் தேறினாள் என்று சொல்ல வேண்டும். அத்தனையும் உண்மைதான். ஆனால் அவளை வாட்டியது குளிரா? கம்பளிச் சட்டை கொடுத்தார்கள். மொழியா? கையில் இருந்த போன் மொழிபெயர்த்தது. பயிற்சியா? காலையும் மாலையும் ஆடினாலும் அலுக்காத உடம்பு அவளுக்கு. அப்படியென்றால் எது வாட்டியது? இங்கிருந்து அவளே பெட்டியில் வைத்து எடுத்துப் போன ஒன்று. விமான நிலையத்தில் எடை போடாத ஒன்று. நம் எல்லோரிடமும் இருக்கிற ஒன்று.

ரயில் வருகிறது. போகட்டும், பிறகு சொல்கிறேன்.

போய்விட்டது. அந்த ஒன்றின் பெயர் ஆனாடே! ஆமாம், சிரிக்கிறீர்கள். பர்மியர்களிடம் நாம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காத சொல் அது. கூச்சம் என்றால் பாதிதான் வருகிறது. தயக்கம் என்றாலும் பாதிதான். நம்மால் அடுத்தவருக்குச் சிரமம் வந்துவிடுமே என்று நெஞ்சு சுருங்குகிறதே, அதுதான் ஆனாடே. பசித்தாலும் பசிக்கவில்லை என்போம். வலித்தாலும் வலிக்கவில்லை என்போம்.

விருந்துக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று வீட்டுக்காரம்மா கேட்பார். வேண்டாம் என்போம். மறுபடி கேட்பார். ஐயோ, போதும் என்போம். மூன்றாவது முறை கரண்டியோடு வந்து நிற்பார். அப்போதுதான் தட்டிலிருந்து கையை எடுப்போம். மூன்றாவது முறை கேட்காத வீட்டைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவோம்! இல்லையா தாய்மார்களே? ஆச்சி தலையாட்டுகிறார்.

தமிழரசி இந்தப் பழக்கத்தோடு ஜப்பானுக்குப் போனாள். வீராங்கனைகளெல்லாம் தங்கும் விடுதி. நல்ல மனசுள்ள சமையற்காரம்மா. முதல் நாள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து, இன்னும் வேண்டுமா என்று கேட்டார். நம் பெண் புன்னகையோடு வேண்டாம் என்றாள். சமையற்காரம்மாவும் புன்னகையோடு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நம் பெண் காத்திருந்தாள். இரண்டாவது முறை வருவார் என்று காத்திருந்தாள். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வந்தது.

சிரிக்காதீர்கள்! சரி, சிரியுங்கள். அவள் அங்கே அரை வயிற்றோடு படுத்தாள். அப்பா கட்டிக் கொடுத்த லப்பெத்து பொட்டலம்தான் அவளுக்குத் துணை. நாள் முழுக்க எகிறி எகிறி அடிக்கிற பெண், தேயிலை ஊறுகாயை மென்று பசியாறினாள். அந்த அணியில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த இன்னொரு பெண் இருந்தாள். ஆட்டம் முடிந்தால் ஆடியவர்களேதான் தரையைத் துடைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அது அவளுக்குப் பிடிபடவில்லை, முகம் சிவந்து நின்றாளாம். ஆனால் சோறு வேண்டுமென்றால் நிறையக் கேட்டு வாங்கிக்கொள்வாள். நம் பெண்ணோ அடுத்தவர் முறையையும் சேர்த்துத் தரை துடைப்பாள், சோறு மட்டும் கேட்க மாட்டாள். வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முட்டுக்கட்டை.

சோற்றோடு போயிருந்தால் உடம்பு இளைத்ததோடு முடிந்திருக்கும். ஆனாடே களத்துக்குள்ளும் வந்துவிட்டது!

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கைப்பந்தில் ஒருவர் பந்தை வாகாகத் தூக்கிக் கொடுப்பார், இன்னொருவர் எகிறி அடிப்பார். தூக்கிக் கொடுப்பவருக்கு யார் தயாராக இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? அடிப்பவர் கத்த வேண்டும். எனக்குக் கொடு என்று, கூரை அதிரக் கத்த வேண்டும். அங்கே பயிற்சி என்றாலே சத்தம்தான். "கோயே! கோயே!" என்று பயிற்சியாளர் விரட்டுவாராம். குரல் எங்கே, குரல் எங்கே என்று அர்த்தம்.

தூக்கிக் கொடுப்பவர் யார்? அணித்தலைவி ஹருகா. தமிழரசியைவிட எவ்வளவோ மூத்தவர். மூத்தவரைப் பார்த்து, எனக்குக் கொடு என்று கத்துவதா? நம் வீட்டுப் பெண்ணா? அவள் பார்வையாலே கேட்டாள். பந்து இன்னொருத்திக்குப் போனது. தலையை அசைத்துக் கேட்டாள். பந்து வேறு பக்கம் போனது. பின்னால் ஆடும்போது தனக்கும் மூத்தவருக்கும் நடுவே பந்து வந்தால், மூத்தவருக்கு வழிவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றாள். பந்து நடுவே விழுந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் விழுந்தது!

வெளியிலிருந்து வரும் ஆசிய நாட்டவருக்கென்று அணியில் ஒரே ஓர் இடம். அந்த இடத்தில் ஒரு பெண் வாய் திறக்காமல் நின்றால் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஓரத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்கிற நிலை வந்துவிட்டது.

ஒருநாள், தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு, விடுதியில் ஹருகா அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். போனில் எழுதி, மொழிபெயர்த்து, அவள் முன்னால் நீட்டினார். "என்மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டிருந்தார்.

தமிழரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுதேவிட்டாளாம். "ஐயோ அக்கா, நீங்க பெரியவங்க. உங்களுக்கு ஆனாடேயாத்தான் வாயத் தொறக்கல" என்று என்னென்னவோ எழுதிக் காட்டினாள். அதைப் படித்து முடித்து ஹருகா எழுதிய பதில் இருக்கிறதே, அன்பர்களே, அதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

"நீ கேட்காததால் எனக்குச் சிரமம் குறைகிறது என்று நினைக்கிறாய். உன் மனதில் இருப்பதையும் நானே ஊகித்து, நானே முடிவெடுத்து, தப்பாய்ப் போனால் பழியையும் நானே சுமக்க வேண்டியிருக்கிறது. உன் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டு, மரியாதை என்று அதற்குப் பெயர் சொல்கிறாய்."

நான் மேடைகளில் பேசிப் பேசியே தொண்டை கட்டியவன். எனக்கு இப்படி ஒரு வார்த்தை வாய்த்ததில்லை.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் சோற்றுப் பாத்திரத்தை ஹருகா தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். இவள் வாய் திறந்து கேட்கும்வரை யாரும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இவள் பார்த்தாள். அவர்களும் பார்த்தார்கள். மெல்லக் கேட்டாள், காதில் விழவில்லை என்றார்கள். சாப்பாடு ஆறுகிறது, மேசையே காத்திருக்கிறது. கடைசியில் கத்தினாள் பாருங்கள், உள்ளே இருந்த சமையற்காரம்மா என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாராம்!

அதற்குப் பிறகு ஓர் ஆட்டம். புள்ளிக்குப் புள்ளி இழுபறி. மாற்று ஆளாய் இறங்கிய தமிழரசி கத்தினாள். பந்து வந்தது. எகிறினாள். ஓங்கினாள். அடித்தாள்! வலையில் அடித்தாள்.

உச்சுக்கொட்ட வேண்டாம். கேட்டால் கிடைக்கும், கிடைத்தால் ஜெயிப்போம் என்று கதை சொல்ல நான் வரவில்லை. அவள் தலை தொங்கிப் போனது. ஆனால் அடுத்த பந்துக்கு மறுபடி கத்தினாள். ஹருகா மறுபடியும் அவளுக்கே கொடுத்தார். இந்தத் தடவை பந்து எதிராளி தரையில் இறங்கியது. பருவம் முடிகிறவரை அவளை பெஞ்சில் யாரும் பார்க்கவில்லை.

இப்போது கை தட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள்!

அந்த கிளப் அடுத்த பருவத்துக்கும் அவளை அழைத்திருக்கிறது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். தலைவர் மணியில் கை வைக்கிறார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். இனிமேல் நான் பேசப்போவது என்னிடம் யாரும் பேசச் சொல்லாதது.

போன வாரம் படகுத்துறை டீக்கடையில் இராமையா அண்ணன் என்னிடம் சொன்னார். "பாவம் தம்பி, குளிருலயும் பனியிலயும் புள்ள ஒடுங்கிப் போயிருச்சு. எம் முகத்துக்காகத்தான் திரும்பப் போகுது. வேணாம்னு சொல்ல அதுக்கு ஆனாடே. நானே நிறுத்திப்புடுறேன்" என்றார். மறுநாளே தமிழரசி என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி சத்யபாமாவின் தோளில் சாய்ந்து அழுதாள். "போகணும்னு உசுரு துடிக்குது அத்தே. ஆனா அப்பா ஒத்தையில கெடப்பாரு. போகலன்னு சொல்லிடப் போறேன். அவரு கேட்டா, எனக்கே புடிக்கலன்னுருவேன்" என்றாள்.

கேட்டீர்களா சபையோரே? ஒரே வீடு. ஒரே கூரை. மகளுக்குச் சிரமம் வேண்டாமென்று அப்பா வாய் மூடியிருக்கிறார். அப்பாவுக்குச் சிரமம் வேண்டாமென்று மகள் வாய் மூடியிருக்கிறாள். இருவரும் சேர்ந்து, இருவருக்கும் வேண்டாத ஒரு முடிவை எடுத்துவிட்டார்கள்! இது அன்பா? அன்புதான். அன்பில்லை என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் இந்த அன்பில் ஒருத்தியின் ஆட்டம் அநியாயமாய் முடிந்துபோகுமே!

அண்ணே, முறைக்காதீர்கள். என்னிடம் சொன்னது உங்கள் தப்பு. அம்மா தமிழரசி, என்மேல் கோபித்துக்கொள், அப்புறம் கோபித்துக்கொள். கடல் கடந்து ஜப்பான்காரியிடம் கத்தக் கற்றுக்கொண்டாய். நீ பிறந்த ஊரில், பெற்ற அப்பாவிடம், ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாயில்லையா? எழுந்திரு தாயே. மைக் வேண்டுமா? வேண்டாமா? சரி.

எழுந்துவிட்டாள். சபையோரே, கொஞ்சம் அமைதி.

"நான் போகணும்ப்பா."

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். இன்னொரு தடவை சொல்கிறாள்.

"அப்பா, நான் போகணும்! எனக்கு ஆடணும்!"

கேட்டதா? எல்லோருக்கும் கேட்டது. வெளியே தெருவுக்கும் கேட்டிருக்கும். அண்ணன் எழுந்திருக்கிறார். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் குரல் சன்னமாக இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல, ஓர் எழுத்தும் கூட்டாமல் நான் திருப்பிச் சொல்கிறேன்.

"ஒத்தையா இருக்க எனக்குப் பயமில்ல தம்பி. அவுக அம்மா போனதுலேர்ந்து எனக்கு அது பழகிப்போச்சு. என்னாலதான் எம்புள்ள நின்னுருச்சுன்னு நாளைக்குத் தெரிஞ்சா, அப்பத்தான் நான் ஒத்தையாயிருவேன். போகட்டும். போயி நல்லா ஆடட்டும்."

தலைவர் அவர்களே, மணியை அடிக்க வேண்டாம். எழுதி வைத்திருந்த பேச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது, அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். பொறுமையாய் இடம் தந்த பெரியவர்களுக்கும், சிரித்தும் கண் துடைத்தும் கேட்ட தாய்மார்களுக்கும், பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்ட இளைஞர்களுக்கும் என் நன்றி. வழிவிடுங்கள் ஐயா, கொஞ்சம் வழிவிடுங்கள், மாலையோடு அவள் அப்பாவிடம் இறங்கிப் போகிறாள். வணக்கம்.