கடைசி இலக்கம்

எனக்கு எண்கள் மனதில் நிற்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன்: பேருந்து நேரம், பால் வாங்கிய தேதி, அப்பாவின் காதுக் கருவிகளுக்குச் சார்ஜ் போட்ட நேரம். செவ்வாய் மாலை எழுத்து வகுப்பில் திருமதி பெக்கர் எங்களை நாட்குறிப்பு எழுதச் சொல்வார். பொய் எழுதினால் கையெழுத்தே காட்டிக்கொடுக்கும் என்பார். என் கையெழுத்தை நானே சந்தேகத்தோடு பார்த்திருக்கிறேன். அந்த நாட்குறிப்பு இப்போது இந்தக் காவல் நிலையத்தில் உங்கள் மேசையில் இருக்கிறது. நான் சொல்வதை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் என் அண்ணன் டெரிக் பின்கொட்டகையில் தன்னையே சுட்டுக்கொண்டான். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த துப்பாக்கி. ராணுவத்தார் வைத்திருப்பது போலக் கறுப்பாக இருக்கும். போலீஸ் அறிக்கையிலிருந்து அதன் எண்ணைக் குறித்து வைத்தேன். எதற்கென்று அன்று தெரியாது. அடக்கம் முடிந்ததும் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அது இனி இந்த வீட்டுல இருக்காது கண்ணு," என்றார். நம்பினேன்.

போன வருடம் எங்கள் மாநிலத்தில் அந்த வகைத் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புத்தாண்டுக்குள் எண்ணைப் பதிவு செய்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். ஊர் இரண்டுபட்டது. தீயணைப்பு நிலையத்தில் நடந்த கூட்டத்தில் நான் தடையை ஆதரித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அப்பா மைக் முன்னால் நின்று எதிர்த்துப் பேசினார். டெரிக்கின் பெயரைச் சொல்லவில்லை. அப்போதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. நம் வீட்டில் அது இல்லையே என்று நினைத்தேன்.

டிசம்பரில் தேவாலயத்துச் சாப்பாட்டு மேசையில் பக்கத்து வீட்டு டுவெய்ன் அப்பாவைச் சீண்டினார். "என்னய்யா லாயிட், மைக்கப் புடிச்சு அந்தக் கத்து கத்துன. இப்ப பொண்ண விட்டு ஃபார்ம் நிரப்பப் போறியாமே?"

"புடிக்காத சட்டமும் சட்டந்தான்யா," என்றார் அப்பா. "அதுக்கு மேலயும் வேணும்னா வந்து எடுத்துப் பாக்கச் சொல்லு."

மேசையைச் சுற்றியிருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். அப்பா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

மறுநாள் அப்பா கட்டிலடியிலிருந்து அந்தக் கறுப்புத் துப்பாக்கியை எடுத்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணை வாசித்தார். நான் கணினியில் தட்டினேன். பிறகு என் அறைக்குப் போய் நாட்குறிப்பைப் புரட்டினேன். அன்றைய பக்கத்தில், 'அதே துப்பாக்கி. மூன்று வருடமாக அதன் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார்' என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

திரும்பி வந்தபோது, "முடிஞ்சுதா கண்ணு?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுப்பா."

அனுப்பு என்ற பொத்தானை நான் அழுத்தவில்லை.

பிப்ரவரியில், பதிவு செய்யாத துப்பாக்கிகளைப் பற்றிப் போலீசுக்குத் தகவல் சொல்லும் எண்ணுக்குத் தொலைபேசினேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னேன். பதிவு இல்லை என்றேன். 'வந்து எடுத்துப் பாக்கச் சொல்லு' என்று எட்டுப் பேர் முன்னால் சொன்னதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. எப்போது வீட்டில் இருப்பார் என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை சுடும் பயிற்சி முடித்து ஆறு மணிக்கு வருவார், வண்டியிலிருந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவார் என்றேன். செவ்வாய் ஆறு மணிக்கு நான் வகுப்பில் இருப்பேன்.

நாற்பது வருடம் சுட்டதில் அப்பாவின் காது போய்விட்டது. கருவிகள் இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் கத்தினாலும் கேட்காது. ராத்திரியில் அவற்றைச் சார்ஜில் வைப்பது என் வேலை. திங்கள் இரவு வைக்கவில்லை. 'மறந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரி ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இருப்பதை நீங்கள் காட்டினீர்கள். ஆமாம், அங்கேதான் இருக்கிறது.

துப்பாக்கியைக் கீழே போடச் சொல்லிப் போலீசார் பின்னாலிருந்து மூன்று முறை கத்தினார்களாம். டுவெய்ன் தன் வீட்டிலிருந்தே கேட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. சுவரில் அவர்களுடைய விளக்கு வெளிச்சம் விழுந்ததைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறார், கையில் இருந்ததோடு. அங்கேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் டெரிக்கைப் பற்றி எழுதியதை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தேன். நிதானமாக எழுதியிருக்கிறாய் என்றார் திருமதி பெக்கர்.

இப்போது அப்பாவின் பர்ஸில் இருந்த ரசீதை என் முன்னால் வைக்கிறீர்கள். அடக்கம் முடிந்து, போலீஸ் திருப்பிக் கொடுத்த அன்றே டெரிக்கின் துப்பாக்கியை அறுத்து அழித்துவிடச் சொல்லி அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறார். அதன் எண் ஏழில் முடிகிறது. பிறந்தநாளன்று ஒரே மாதிரி இரண்டு வாங்கினார், மகனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. எண்கள் அடுத்தடுத்து. இது எனக்குத் தெரியாதா என்கிறீர்கள்.

என் நாட்குறிப்பில் கடைசி இலக்கம் ஏழு என்றுதான் இருக்கிறது. அப்பா ஆறு என்று வாசித்தார். எனக்குச் சந்தேகம் வந்து மறுபடி கேட்டேன். "ஆறு கண்ணு, ஆறு," என்றார். படிவத்தில் நான் தட்டியதும் ஆறுதான். இரண்டு எண்ணையும் பார்த்த பிறகுதான், 'அதே துப்பாக்கி' என்று எழுதினேன். அந்த வரியை அடிக்க இன்றும் எனக்குத் தோன்றவில்லை.