பதினேழாம் எண் நீலம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேனா கழுவுவது என் வழக்கம். பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் பழைய பேனாக்களின் உடம்பு மங்கிப்போகும். என்னிடம் முப்பத்தொரு பேனாக்கள் இருக்கின்றன. ஜன்னலோரம் ஒரு துண்டை விரித்து எல்லாவற்றையும் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு, அவை காய்வதற்குள் அந்த வாரம் எழுதிப் பார்த்த மைகளைக் குறிப்பேட்டில் ஒப்பிடுவேன். எந்த நீலம் காய்ந்த பிறகு சிவப்புப் பக்கம் சாய்கிறது, எந்தப் பச்சை வெயிலில் வெளுக்கிறது, எது தண்ணீர் பட்டால் ஓடிவிடுகிறது என்றெல்லாம் அதில் தேதியோடு இருக்கும். வயசான ஆள் உட்கார்ந்து செய்கிற வேலையா இது என்று நீங்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை. உங்கள் சட்டைப்பையில் செருகியிருப்பது பால்பாயிண்ட். உங்களிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நான் நூலகத்தில் எழுத்தர். இருபத்திரண்டு வருடமாக வாசிப்பறைப் பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. வருகிறவர் பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து, அவ்வளவுதான் அதில் இருக்கும். வருகிறவர்கள் எழுதுவதற்கென்று மேஜையில் ஒரு பால்பாயிண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். திருடக்கூட லாயக்கில்லாத ஒன்றை யார் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கட்டி வைத்தார்களோ, எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

பதிவேட்டுப் பக்கத்தில் தேதியையும் கிழமையையும் மட்டும் நான் எழுதுவேன், என் பேனாவில். ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்கும்போது நடுவில் ஒரு வரி காலியாக விடுவேன். யாரும் விடச் சொல்லவில்லை. விட்டால் பக்கம் பார்க்க லட்சணமாக இருக்கும். எங்கள் நூலகர் இருக்கிறாரே, அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால் தான் அதிகாரி ஆகிவிடுவதாக நம்புகிறவர். அவர் கண்ணில் அந்த வரி ஒருநாளும் பட்டதில்லை.

நான் எழுதிய மை கடையில் கிடைக்காது. நானே கலந்தது. நீலத்தில் எத்தனை சொட்டு ஊதா, அதில் எவ்வளவு தண்ணீர் என்று பதினாறு தடவை கலந்து, பதினாறையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, பதினேழாவதில்தான் பிடித்தேன். அதனால் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை, பதினேழாம் எண் என்றே புட்டியில் ஒட்டிவிட்டேன். காய்ந்த பிறகு எழுத்தின் ஓரங்கள் கருத்து, நடுப்பகுதி வெளிறி நிற்கும். வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரே குறை, தண்ணீருக்குத் தாங்காது.

என் தங்கையின் கணவன் லாரிப் பட்டறையில் மெக்கானிக். நல்லவன் என்று ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை. நல்லவன் என்று பெயரெடுக்கப் பெரிய மெனக்கெடல் ஒன்றும் வேண்டாம். வேறு எதிலும் கெட்டிக்காரனாக இல்லாமல் இருந்தாலே போதும். வீட்டுக்கு வந்தால் கேட்காமல் கொள்ளாமல் என் பேனாப் பெட்டியைத் திறப்பான்.

"ஏன் மச்சான், இத்தனை பேனா வெச்சுக்கிட்டு யாருக்கு லெட்டர் எழுதப் போறீங்க? பொண்ணு எதுவும் பாத்து வெச்சிருக்கீங்களா?"

வீடே சிரிக்கும். தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எனக்குக் கோபம் வந்ததில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை. நல்ல மழை. நூலகர் விடுப்பில் இருந்தார், வாசிப்பறையில் ஈ காக்கை கிடையாது. மூன்றரை மணிக்கு அவன் வந்தான். அதற்கு முந்தைய வாரம்தான் பட்டறை முதலாளியோடு சண்டை போட்டு, பத்துப் பேர் பார்க்க, "உன்னை ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்" என்று கத்திவிட்டு வேலையை உதறியிருந்தான். பத்திரிகையில் வேலை விளம்பரம் பார்க்க வந்தானாம். நூலில் தொங்கிய பால்பாயிண்ட் அன்று எழுதவில்லை. நான் அலமாரிப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் மேஜைக்கு மேலே கையை நீட்டி என் பேனாவை எடுத்துக்கொண்டான்.

பதினான்கு மாதம் காத்திருந்து வாங்கிய பேனா அது. தங்க நிப்பு. அழுத்தவே வேண்டாம், தாளின் மேல் வைத்தால் தன் எடையிலேயே எழுதும். அதை அவன் தலைகீழாகப் பிடித்து, கார்பன் தாள் வைத்து ரசீது போடுகிறவன் மாதிரி அழுத்தியிருக்கிறான். நான் திரும்பியபோது நிப்பின் இரண்டு இதழ்களும் விலகி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன.

"என்ன மச்சான் இப்படிக் கீறுது? முக்குக் கடையில விக்கிற பேனா இதைவிட நல்லா எழுதும் போல."

கையில் வழிந்த மையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, பேனாவை மூடாமல் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தான். ஐந்தரை மணி வரை உட்கார்ந்திருந்தான். போகும்போது அதே பேனாவை எடுத்துப் போன நேரத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டான். நான் தடுக்கவில்லை. கெட்டது கெட்டாயிற்று.

"வரேன் மச்சான். உங்க தங்கச்சி ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொன்னா."

அன்று நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் பட்டறை முதலாளியை யாரோ இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் போலீஸ் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது. அவன் சொன்னது ஒன்றே ஒன்று: நூலகத்தில் இருந்தேன், பதிவேட்டில் எழுதியிருக்கிறேன், என் மச்சானைக் கேளுங்கள். உங்கள் ஆட்கள் என்னைக் கேட்க வந்தது வெள்ளிக்கிழமைதான்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதிவை நான் அழித்தேன். ஆனால் திங்கட்கிழமை மாலையே, நூலகத்தைப் பூட்டுவதற்கு முன்பே அழித்துவிட்டேன். கொலை நடந்தது அப்போது எனக்குத் தெரியவே தெரியாது. என் பதிவேட்டில் ஓர் அசிங்கம் இருந்தது, துடைத்தேன். சட்டையில் கறை பட்டால் நீங்கள் துடைக்க மாட்டீர்களா? அதுவும் அவன் நூலில் தொங்கியதில் எழுதியிருந்தால் அது நூலகத்தின் சொத்து, நான் தொட்டிருக்க மாட்டேன். எழுதியது என் பேனாவில், என் மையில். என் மையை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவன்தான் அன்றைக்குக் கடைசியாக வந்தவன், அதனால் அடுத்த நாள் தேதியை அதற்குக் கீழே வழக்கம் போல எழுதினேன். யாருக்கும் உறுத்தவில்லை.

தங்கை வியாழக்கிழமை காலையில் நூலகத்துக்கு வந்தாள். மூன்று நாளாகத் தலை வாரியிருக்கவில்லை.

"அண்ணா, அவர் இங்கதான் இருந்தேங்கிறாரு. நோட்டுல கையெழுத்துப் போட்டாராமே. எடுத்துக் குடுண்ணா, அது ஒண்ணு போதும்னு வக்கீல் சொல்றாரு."

பதிவேட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தேன். அந்தத் திங்கட்கிழமைக்குக் கீழே வேறு யாரோ காலையில் வந்த இரண்டு பேரின் பெயர்கள் இருந்தன. அப்புறம் வெறும் வரி. அவள் முன் பக்கம், பின் பக்கம் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"நீ பாத்தேல்ல? நீயாவது பாத்தேன்னு சொல்லுண்ணா."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா. ஞாபகம் இல்லாததைச் சொல்லச் சொல்றியா? பொய்ச் சாட்சி சொல்லச் சொல்றியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லண்ணா" என்றாள். என் தங்கை நேர்மையான பெண். அந்த விஷயத்தில் அவளை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

நீதிமன்றத்திலும் அதையே சொன்னேன். பலர் வருகிறார்கள், நினைவில்லை, பதிவேட்டைப் பாருங்கள். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, சொந்த மச்சானே இவன் அங்கே இருந்தான் என்று சொல்ல முன்வரவில்லை, இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர் கையில் இருந்ததும் பால்பாயிண்ட்தான், ஆனால் பேசத் தெரிந்தவர். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

தங்கையையும் அவள் மகளையும் நான் தெருவில் விட்டுவிடவில்லை. என் வீட்டு மாடி அறையைக் காலி செய்து கொடுத்தேன். மருமகளுக்கு அப்போது பத்து வயது. பேனாவைச் சுத்தியல் மாதிரிப் பிடிப்பாள், அப்பன் கை அப்படியே வந்திருந்தது. நான் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று விரல், தளர்ந்த மணிக்கட்டு, அழுத்தாத எழுத்து. இரண்டே வருடத்தில் அச்சில் வார்த்த மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டாள். சிறைக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். எந்தப் பேனா, எந்த மை என்பதை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். எழுதி முடித்ததும் வாங்கிப் படித்து, பிழை இருந்தால் திருத்தி, மறுபடி எழுத வைப்பேன்.

"மாமா, அப்பாவுக்குப் பிழையெல்லாம் தெரியாது. அப்படியே அனுப்பிடலாமே" என்பாள்.

"அவனுக்குத் தெரியாதுன்னா நமக்குத் தெரியக் கூடாதா?" என்பேன். அவன் வீட்டில் இருந்திருந்தால் அந்தக் குழந்தையின் கை உருப்பட்டிருக்காது. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் தங்கை புதிதாக ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாள். சின்ன வயசு. பழைய பதிவேட்டை நீதிமன்றப் பெட்டியிலிருந்து எடுத்து, நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்திருக்கிறாள். எல்லா நாளுக்கும் கீழே ஒரு வரி காலி, அந்த ஒரு திங்கட்கிழமைக்குக் கீழே மட்டும் இரண்டு வரி காலி. பக்கத்தைச் சாய்த்து டார்ச் அடித்திருக்கிறாள். மை இல்லை, ஆனால் தாளில் பள்ளம் இருந்தது. பெயர், மூன்றரை, ஐந்தரை, கையெழுத்து எல்லாம் பள்ளமாகவே தெரிந்ததாம். அவன் அழுத்திய அழுத்தம் அப்படி. நிப்பைக் கெடுத்த அதே முரட்டுக் கை அவனைக் காப்பாற்றிவிட்டது. இதற்கு நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் அவனை விடுதலை செய்துவிடுவார்கள் என்கிறார்கள். செய்யட்டும். என்னை யாரும் சந்தேகப்படவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். தங்கை எனக்குத்தான் முதலில் ஓடி வந்து சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நானாக நடந்து இந்த ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் உங்கள் நிபுணரின் அறிக்கை. வக்கீலம்மா எனக்கு ஒரு நகல் கொடுத்தாள். அதில், அந்தப் பதிவு "சாதாரண நீல மையால்" எழுதப்பட்டதாம். சாதாரணம்! கூரை ஒழுகியோ, தரை துடைக்கிற அம்மாளின் ஈரத்துணி பட்டோ தற்செயலாக அழிந்திருக்கலாமாம். அந்த ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு இதை எழுதியிருக்கிறான். கூரைத் தண்ணீர் விழுந்தால் தாளில் வளையம் விழும். ஈரத்துணி பட்டால் மை பக்கவாட்டில் இழுபடும், பக்கத்து வரியும் கலங்கும். அந்தப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வளையம் உண்டா? இழுப்பு உண்டா? தாளின் மேல்தோல் கொஞ்சமாவது எழும்பியிருக்கிறதா? அதற்கு மேல் வரியில் இருக்கிற பெயர்களுக்கு ஒரு சேதமும் இல்லை. அப்படி ஒரு வேலையை ஒரு தரைத்துணியின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தப்பாக எழுதப்பட்டதைத் திருத்துவதுதான் என் வேலை, அதற்காக வந்தேன். அவன் மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சற்று முன் நீங்கள் கூடக் கேட்டீர்கள், "ஒரு சொட்டுத் தண்ணி விட்டா போயிடுற மைதானே, இதுல என்னங்க பெரிய வித்தை?" என்று. உங்களுக்கு எப்படிச் சொல்வது. எழுதி ஒரு மணி நேரம் ஆன மைக்கு அது சரி. ஒரு சொட்டு விட்டு ஒற்றினால் போதும், பள்ளிக்கூடப் பிள்ளை கூட எடுத்துவிடும். மூன்று நாள் காய்ந்த மை அப்படி வராது. நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டால் தாள் கிழியும். மை ஊற்றுகிற ஃபில்லரில் தண்ணீர் எடுத்து, ஒவ்வோர் எழுத்தின் மேலும் தனித்தனியாகச் சொட்டு வைத்து, முப்பது எண்ணி, ஒற்றுத்தாளின் முனையால் எடுக்க வேண்டும். அவன் பெயருக்கு ஏழு சொட்டு. நேரம் இரண்டுக்கும் நாலு. கையெழுத்து மட்டும் ஒன்பது வாங்கியது. பிறகு இரண்டு பக்கமும் ஒற்றுத்தாள் வைத்து, மேலே கனமான அகராதியை வைத்து, ஈரம் போகும் வரை காத்திருக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆயிற்று. அறைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கை, "கெடச்சுதாண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "தேடிக்கிட்டிருக்கேம்மா" என்றேன். என் கை ஒரு சொட்டுக்குக் கூட நடுங்கவில்லை.