ஐரிஸ் படித்த உதடுகள்

ராத்திரி பத்தரை இருக்கும். படம் விட்டாச்சு. ஊர் மண்டபத்துல இருந்து வத்திப்போன உப்பு ஏரிக்குப் போற ரோடு… ஈ காக்கா இல்ல. நம்ம சிநேகிதன் வில்ஃபோட அத்தை ஐரிஸ், கையில பெட்டியோட தனியா நடக்கறா.

பெட்டி எதுக்கா? ஓடிப் போகத்தான். புருஷன் கிளாரி, ஆட்டுக்கு ரோமம் வெட்டப் பண்ணை பண்ணையா அலையறவன். வீட்டுல தங்கறதே பாதி வருஷம். பெர்த் பட்டணத்துல இருந்து கம்பளி வாங்க வந்த ரான்சம், ஒரு முத்து மாலையை அவ கழுத்துல போட்டான்… மனசு சறுக்கிடுச்சு. இந்த ரோட்டு வளைவுல காரோட நிக்கறேன்னு சொல்லியிருந்தான்.

ஐரிஸுக்குச் சின்ன வயசுக் காய்ச்சல்ல காது போச்சு. உதட்டைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சுக்குவா. அப்பல்லாம் படத்துக்கு ஏது பேச்சு? நாம நடுவுல வர்ற எழுத்தைப் படிப்போம். அவ நடிகையோட உதட்டைப் படிப்பா. கண்ணீர் விட்டுக்கிட்டே, "சனியன், செருப்பு கடிக்குது"ன்னு நடிகை முனகுவா. ஊரே அழும்… இவ சிரிப்பா.

அன்னைக்குப் படத்துலயும் ஒரு ஏழையோட பொண்டாட்டி. ஒரு பணக்காரன். முத்து மாலை. கடைசியில அவ கார் பின்சீட்டுல ஏறி, திரும்பிப் பாக்கறா. 'வந்துவிட்டேன், அன்பே'ன்னு எழுத்து வந்துச்சு.

உதடு சொன்னது வேற.

"ஐரிஸ்… அவன் கார்ல ஏறாத. பின்சீட்டுல நான் இருக்கேன்."

ஐரிஸ் சுத்தும் முத்தும் பாத்தா. எல்லாரும் மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தாங்க. ஏதோ மனப்பிரமைன்னு தன்னையே தேத்திக்கிட்டுத்தான் கிளம்பினா.

வளைவுல கார் நிக்குது. இன்ஜின் அதிர்வு அவ உள்ளங்கால்ல ஏறுது. நிலா வெளிச்சத்துல ரான்சம் பின்கதவைத் திறந்து சிரிச்சான்.

"என்ன ராசாத்தி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? ஏறு."

பின்சீட்டுல யாரும் இல்ல. ஆனா… தோல் மெத்தை மெதுவா அமுங்குச்சு. யாரோ நகர்ந்து இடம் விடற மாதிரி. குப்புனு சூடான ஃபிலிம் வாசனை.

மாலையை அத்து உள்ள வீசிட்டு ஓடினா. வீடு வர்ற வரைக்கும் திரும்பியே பாக்கல.

காலையில கார் உப்பு ஏரி நடுவுல கிடந்துச்சு. எல்லாக் கதவும் சாத்தியிருக்கு. உப்புல சக்கரத் தடம் மட்டும்… ஒரு காலடி இல்ல. ரான்சமும் இல்ல.

"இனி நீ போற பண்ணைக்கெல்லாம் நானும் வர்றேன்"னு கிளாரிகிட்ட சொன்னா. காரணம் சொல்லல. அடுத்த வருஷம் வேற ஊர்ல அதே படம். பாவம், கிளாரிதான் ஆசையா இழுத்துட்டுப் போனான்.

கடைசிக் காட்சி. அதே கார். பின்சீட்டுல அந்த நடிகை… பக்கத்துல ரான்சம்.

'இனிப் பிரிவே இல்லை'ன்னு எழுத்து வந்துச்சு. கிளாரி கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஐரிஸ் கையைப் பிடிச்சான்.

ரான்சமோட உதடு ஆடிக்கிட்டே இருந்துச்சு.

"ஐரிஸ்… கதவைத் திற. இவ விடமாட்டேங்கறா…"